ஒருவருக்கும் இருவருக்கும் சமைக்க எந்தக் குக்கர்?

சென்ற ஆண்டு இரண்டு வீடுகளுக்கு ஒரே சமயத்தில் சமையல் பாத்திரம் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று, சென்னையில் நானும் கணவரும் மட்டும் இருக்கும் வீடு. இருவருமே வேலைக்குப் போகிறோம். காலை எட்டரைக்குப் பூட்டினால் இரவு ஏழரைக்குத்தான் கதவைத் திறப்போம். மற்றது, நாகர்கோவிலில் அப்பா தனியாக இருக்கும் வீடு. அம்மா காலமான பிறகு சமையலை அவரே பார்த்துக்கொள்கிறார். நன்றாகவே சமைப்பார். ஆனால் காது மந்தமாகிவிட்டது. ஒரு நாள் தொலைபேசியில், "மக்களே, விசில் எத்தனை வந்தது என்றே தெரியவில்லை. அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனேன்" என்றார். குக்கருக்குள் பருப்பு கரியாகிக் கிடந்ததாம், ஒரு சொட்டு நீர் இல்லையாம். அன்றிலிருந்து இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. 2 அல்லது 3 லிட்டர் பிரஷர் குக்கர், பட்டனை அழுத்தினால் தானே நின்றுவிடும் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர், இரவு முழுக்க மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கர், அடுப்பில் கொதிக்கவைத்துப் பெட்டிக்குள் மூடி வைக்கும் தெர்மல் குக்கர். நான்கையும் இரண்டு வீடுகளிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தோம். ஒரே விடை கிடைக்கவில்லை. சென்னைக்கு ஒன்று, நாகர்கோவிலுக்கு வேறொன்று என்றுதான் முடிந்தது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருவர் சமையலில் பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது. நான் முதலில் வாங்கியது 6 லிட்டர் ஸ்லோ குக்கர். விருந்தாளிகள் வந்தால் உதவுமே என்ற நினைப்பு. இருவருக்கான கொண்டைக்கடலையை அதில் போட்டபோது அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் நின்றது. காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்து, உள்ளே இருக்கும் பீங்கான் பாத்திரத்தோடு கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தது குழைந்து போயிருந்தது. ஸ்லோ குக்கரில் சூடாக்கும் கம்பி பெரும்பாலும் பக்கவாட்டில்தான் சுற்றியிருக்கும். பாத்திரம் பாதியிலிருந்து முக்கால்வாசிக்குள் நிரம்பியிருந்தால்தான் அந்தச் சூடு உணவுக்குள் சீராக இறங்கும். கால்வாசிதான் இருக்கிறது என்றால் 8 மணி நேரம் என்று குறிப்பில் போட்டிருப்பது 5 மணி நேரத்திலேயே தீய்ந்துவிடும். ஒருவருக்கும் இருவருக்கும் 1.5 லிட்டர்தான் சரி. வாரத்தில் இரண்டு நாள் மீதம் வைத்துச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் 3.5 லிட்டர் வாங்கலாம். அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே பெரியது வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சூடு தாங்கும் கண்ணாடிக் கிண்ணத்திலோ சிறிய எவர்சில்வர் பாத்திரத்திலோ உணவை வைத்து, அதைக் குக்கருக்குள் இறக்கி, சுற்றிலும் கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றிவிடுங்கள். இட்லிப் பானைக்குள் தட்டு வைப்பதுபோலத்தான்.

ஸ்லோ குக்கர் நமக்கு அந்நியமான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஆச்சி வீட்டு மண் அடுப்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். விறகு எரியும் வாயை ஒட்டி, தனக்கென்று தீ இல்லாத கொடி அடுப்பு ஒன்று இருக்கும். பெரிய அடுப்பின் மிச்சச் சூடு அதில் ஏறும். சோறு கொதிக்கும் நேரமெல்லாம் கொடி அடுப்பில் பாலோ பயறோ அசையாமல் வெந்துகொண்டிருக்கும். யாரும் கிண்டமாட்டார்கள், யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஸ்லோ குக்கர் செய்வதும் அந்த வேலையைத்தான், மின்சாரத்தில்.

அது பிறந்த கதையும் கேட்க வேண்டியது. அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளருக்கு 1940இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. அவருடைய தாய் லித்துவேனியாவின் வில்னா நகரிலிருந்து வந்த யூதப் பெண். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளான வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து சனிக்கிழமை மாலைவரை அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் வெள்ளி மாலையே பயறும் இறைச்சியும் கிழங்கும் போட்ட பானையை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய், தணிந்துகொண்டிருக்கும் அடுப்பில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் வெந்த அந்தச் சோலெண்ட் மறுநாள் பகல் உணவு. தாய் சொன்ன இந்த விவரத்திலிருந்துதான் நாக்ஸனுக்கு யோசனை பிறந்தது. பிறகு 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. வேலைக்குப் போகும் அமெரிக்கப் பெண்கள் காலையில் வைத்துவிட்டு மாலையில் வந்து திறக்கும் பாத்திரமாக அது பரவியது.

எனக்கு விடை கிடைத்தது அந்த ரொட்டிக்கடையில்தான். அமெரிக்கக் குறிப்புகள் எல்லாமே காலையில் வைத்து இரவில் சாப்பிடச் சொல்கின்றன. நம் வீட்டின் நெருக்கடி நேரம் அதுவா? நமக்குக் காலை ஆறிலிருந்து எட்டரைவரைதான் நெருக்கடி. காலை உணவும் மதியத்துக்கான டிபன் பாக்ஸும் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் ஆகவேண்டும். மேலும், நாங்கள் வெளியே இருப்பது 11 மணி நேரம். 1.5 லிட்டர் குக்கருக்கு அது மிக அதிகம். ஆனால் இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்குத் திறந்தால் சரியாக 8 மணி நேரம். வீட்டில் ஆளும் இருக்கும். ஆகவே நம் ஊரில் ஸ்லோ குக்கர் இரவுப் பாத்திரம். இப்படி மாற்றிப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அதன்மேல் மதிப்பே வந்தது.

என்ன சமைக்கலாம்? எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலிடம் கஞ்சிக்கு. ஒருவருக்கென்றால் கால் டம்ளர் உடைத்த சிவப்பரிசி, இரண்டு மேசைக்கரண்டி சிறுபயறு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், நான்கு பல் பூண்டு, ஏறக்குறைய 700 மில்லி வெந்நீர். இதை லோ என்ற குறைந்த சூட்டு நிலையில் வைத்துப் படுத்துவிட வேண்டியதுதான். அப்பா வீட்டில் முதன்முதலில் வைத்த அன்று காலை ஐந்து மணிக்கு நான் எழுந்து போவதற்குள் அவர் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கண்ணாடி மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. உள்ளே ஓரத்தில் மட்டும் ஒரு கொப்புளம் மெல்ல எழும், உடையும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எழும். மூடியைத் தூக்கியதும் வெந்தயமும் பூண்டும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியின் பின்பக்கத்தால் பூண்டை அழுத்தினார், வெண்ணெய்போல் கரைந்தது. உப்பும் அரை டம்ளர் தேங்காய்ப் பாலும் சேர்த்து, காணத் துவையலோடு குடித்தார். கொள்ளுப் பயற்றை எங்கள் பக்கம் காணம் என்போம். "உன் அம்மா வைத்த பதம்" என்று மட்டும் சொன்னார். கறுப்புக் கவுனி அரிசியும் இதில் நன்றாக வரும். பிரஷர் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்று நிற்கும் அந்த அரிசி, முதல் நாள் காலையே ஊறவைத்து இரவில் போட்டால் மலர்ந்துவிடுகிறது.

அடுத்தது எலும்பு சூப்பும் ஆட்டுக்கால் பாயாவும். இவற்றில் ஸ்லோ குக்கருக்கு இணையே இல்லை என்று துணிந்து சொல்வேன். எலும்பை ஒட்டிய சவ்வும் தசைநாரும் 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் இருந்தால் கரைந்து பசையாகிவிடும். பிரஷர் குக்கரும் இதைச் செய்யும், அதுவும் விரைவாக. ஆனால் உள்ளே கொதித்துக் குமுறுவதால் சூப் கலங்கிவிடுகிறது. ஸ்லோ குக்கரில் கொதி இல்லை, அதனால் சாறு தெளிவாக இறங்குகிறது. இருவருக்கு 300 கிராம் நல்லி எலும்பு, தட்டிய சின்ன வெங்காயம் எட்டு, மஞ்சள், 800 மில்லி கொதிநீர். எலும்பை முதலில் ஒரு கொதி விட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஹையில், பிறகு 7 மணி நேரம் லோவில். மிளகையும் சீரகத்தையும் கடைசியில்தான் தட்டிப் போட வேண்டும். இரவெல்லாம் கிடந்தால் மிளகின் மணம் போய்க் கசப்புத்தான் மிஞ்சும்.

கொண்டைக்கடலை 100 கிராம் போதும் இருவருக்கு. காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போங்கள். இரவு அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 10 நிமிடம் அடுப்பில் கொதிக்கவைத்து, அரை லிட்டர் கொதிநீரோடு குக்கருக்கு மாற்றிவிடுங்கள். காலையில் பாதியைச் சுண்டலாகத் தாளிக்கலாம், மீதியைக் குழம்பில் போடலாம். சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் வேகவைத்தபோது இரண்டு முறை கல்லாகவே இருந்தது. கடின நீரில் பயறு வேகாது என்பது பழைய பாடம். கேன் தண்ணீருக்கு மாறியதும் சரியாகிவிட்டது. புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் தோல் இறுகிவிடும்.

நாட்டுக்கோழிக் குழம்பு 6 மணி நேரத்தில் அருமையாக வரும். பிராய்லர் கோழி இதற்கு ஆகாது, நார் நாராகப் பிரிந்துவிடும்.

இனி இதில் செய்யக்கூடாதவை. மீன் வேண்டவே வேண்டாம். மண்சட்டியில் பத்து நிமிடத்தில் முடியும் மீன் குழம்புக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை என்பார் அப்பா. கீரை, பொரியல், உதிரி உதிரியான சோறு, பிரியாணி எதற்கும் இது பொருந்தாது. பால் பாயசமும் ஏமாற்றிவிடும். மூடியின் விளிம்பில் ஆவி குளிர்ந்து நீர் வளையமாக நின்று பாத்திரத்தை அடைத்துக்கொள்வதால் பால் வற்றுவதே இல்லை. இதே காரணத்தால் குழம்புக்கு நீர் பாதியாகக் குறைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெங்காயமும் இஞ்சி பூண்டும் தானாக வதங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவற்றை வாணலியில் வதக்கிப் பச்சை வாசனை போன பிறகு போட்டால்தான் குழம்பு குழம்பாக இருக்கும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, ருசி இல்லை என்று பாத்திரத்தைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். தாளிப்பும் தேங்காய்ப் பாலும் கடைசியில்தான். கேரட், உருளை போன்றவை இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதால் அவை அடியில் போக வேண்டும். இடையில் மூடியைத் திறந்து பார்த்தால் இழந்த சூடு மீண்டும் ஏற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கரில் கொதிநிலைக்குக் கீழேயே நின்று வேகும்போது அழியாமல், வேகாத ராஜ்மாவைவிட அதிக நச்சாகவும் ஆகலாம். கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்வது இது: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ராஜ்மா விருப்பமென்றால் பிரஷர் குக்கரே மேல். உறைந்த இறைச்சியையும் நேராகப் போடக்கூடாது. அது இளகிச் சூடேறுவதற்குள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட, கிருமி பெருகும் நிலையில் பல மணி நேரம் கிடக்கும். தாமதமாகத் தொடங்கும் டைமர் சில குக்கர்களில் இருக்கிறது. குளிர்நாடுகளுக்கே அதில் கவனம் தேவை என்கிறார்கள். சென்னை வெயிலில் இறைச்சியையோ பாலையோ டைமரை நம்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிரஷர் குக்கருக்கு வருகிறேன். அதன் தத்துவம் 1679இல் டெனிஸ் பாப்பின் காட்டியது. அழுத்தம் ஏறினால் நீரின் கொதிநிலையும் ஏறும். நம் வீட்டுக் குக்கருக்குள் அது ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போகிறது. இருவருக்கு 3 லிட்டர் குக்கர்போல் பயனுள்ள பாத்திரம் வேறில்லை. அடியில் பருப்பு, மேல் அடுக்கில் சோறு என்று 20 நிமிடத்தில் ஒரு வேளை உணவின் முதுகெலும்பு தயாராகிவிடும். கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றும் எந்த ஊர் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். ஸ்லோ குக்கரின் பீங்கான் பாத்திரம் உடைந்தால் அதற்கு மாற்று கிடைப்பது நம் ஊரில் பெரும்பாடு. அப்பா ஒரு முறை சூடான பீங்கானை ஈரமான கிரானைட் மேடையில் இறக்கி வைத்தார். "டக்" என்று ஒரு சத்தம், மயிரிழைபோல் ஒரு விரிசல். அதன் உள்பாத்திரம் மட்டும் தனியாகக் கிடைக்கவே இல்லை, முழுசாகப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. இப்போது குக்கருக்குப் பக்கத்திலேயே தடித்த துணி ஒன்று மடித்து வைத்திருக்கிறார்.

பிரஷர் குக்கரின் ஒரே குறை, அருகில் ஆள் இருக்க வேண்டும் என்பது. சென்னையில் எனக்கு அது குறையே இல்லை. நாகர்கோவிலில் அதுதான் எல்லாமே.

எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் அந்தக் குறையைப் போக்குகிறது. கனடாவின் ராபர்ட் வாங் உருவாக்கி 2010இல் விற்பனைக்கு வந்த இன்ஸ்டன்ட் பாட் என்ற குக்கருக்குப் பிறகு இது உலகெங்கும் பெயர் பெற்றது. அழுத்தம், நேரம் இரண்டையும் தானே பார்த்துக்கொண்டு, முடிந்ததும் சூடாக வைத்திருக்கும். வதக்குவதற்கும் தாளிப்பதற்கும் வேறு பாத்திரம் வேண்டாம். அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் தனி ஆளுக்கு, கேஸ் இணைப்பு இல்லாத இடத்தில், 3 லிட்டர் அளவில் இது ஒன்றே போதும். ஸ்லோ குக்கர் பட்டனும் இதிலேயே இருக்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வைத்துப் பார்த்தேன். சூடு அடியிலிருந்து மட்டும் வருகிறது, பாத்திரமோ மெல்லிய எவர்சில்வர். கஞ்சி அடியில் பிடித்து மேலே நீர்த்துக் கிடந்தது. பீங்கான் சுற்றிலும் சூட்டை வாங்கித் தேக்கி வைத்துக் கொடுக்கும் பதம் அதில் வரவில்லை. அப்பாவுக்கு அதை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன். பட்டன்களும் எழுத்துகளும் அவருக்குப் பெரிய தொல்லையாகிவிட்டன. ஒவ்வொரு முறையும் அழுத்தம் இறங்கிவிட்டதா என்ற பயத்தோடு மூடியைத் தொட்டார். வயதானவர்களுக்கு வாங்கித் தருபவர்கள் இதை யோசிக்க வேண்டும். திருகினால் நிற்கும் ஒரே குமிழ் உள்ள ஸ்லோ குக்கர், பதினாறு பட்டன் உள்ள இயந்திரத்தைவிட அவர்களுக்கு நிம்மதி.

ரைஸ் குக்கரின் வார்ம் நிலையில் இரவெல்லாம் வேகவைக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அது வெந்ததைச் சூடாக வைத்திருக்கத்தான், பச்சையாக இருப்பதை வேகவைக்க அல்ல.

தெர்மல் குக்கர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் நன்கு பழகியது. சூடாறாப்பெட்டி என்ற பெயரில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு எரிபொருளைச் சேமிக்க வேண்டும் என்று இதே தத்துவத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. பானையில் அரிசியைப் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு, காப்புள்ள வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவிட்டால், ஒன்றரை மணி நேரத்தில் மட்டை அரிசிகூட மலர்ந்து நிற்கும். விசில் இல்லை, அடிப்பிடிக்காது, மின்சாரம் வேண்டாம். அப்பா இதை உடனே ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் ஒருவர் சமையலில் இதற்கும் அளவுப் பிரச்சினை உண்டு. பானையில் இருக்கும் சூடுதான் இதன் அடுப்பு. பானை கால்வாசி என்றால் அடுப்பும் கால்வாசி, உணவு பாதி வெந்து ஆறிவிடும். அரிசி ஒரு கைப்பிடியே ஆனாலும் நீரை முக்கால் பானைக்கு ஊற்றிவிட வேண்டும், வெந்ததும் கஞ்சியை வடித்துவிடலாம். வடித்த சோறு சாப்பிடுகிற வீட்டில் இது இயல்பாகப் பொருந்திவிடுகிறது. குழம்புக்கும் பாயாவுக்கும் அப்படி நீரைக் கூட்ட முடியாது. இரவெல்லாம் வைக்கவும் கூடாது, சில மணி நேரத்துக்குப் பிறகு சூடு இறங்கி, வெதுவெதுப்பில் சோறு கெட ஆரம்பிக்கும்.

மின்கட்டணத்தைப் பற்றி ஒரு கணக்கு. 1.5 லிட்டர் ஸ்லோ குக்கர் ஏறக்குறைய 120 வாட். 8 மணி நேரம் ஓடினால் 1 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 3.5 லிட்டர் என்றால் 200 வாட்டுக்கு மேல், ஓர் இரவுக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டும். எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் 1,000 வாட் வரை இழுத்தாலும் கொஞ்ச நேரம்தான் இழுக்கிறது. கொண்டைக்கடலை அரை யூனிட்டுக்குள் வெந்துவிடும். ஆகவே ஸ்லோ குக்கர் மின்சாரத்தைச் சேமிக்கும் என்று விற்பவர்கள் சொல்வது அடுப்போடும் ஓவனோடும் ஒப்பிட்டுச் சொல்வது. பிரஷர் குக்கரோடு ஒப்பிட்டால் அது உண்மையில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். தனியாக இருக்கும் அப்பாவின் வீட்டில் வாரம் நான்கு இரவு ஓடினாலும் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 35 யூனிட்தான் சேர்கிறது.

மின்தடை வேறொரு கவலை. பராமரிப்பு என்று மாதத்தில் ஒரு நாள் காலை 9 மணி முதல் மதியம் 2 மணிவரை மின்சாரம் நிற்பதைச் செய்தித்தாளில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். இரவில் சமைப்பவர்களுக்கு அது இடிப்பதில்லை. எதிர்பாராமல் நின்றால்? குமிழ் உள்ள குக்கர் மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து ஓடும். டிஜிட்டல் குக்கர்கள் பல அப்படியே அணைந்து நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு 120 வாட் ஒரு பொருட்டே இல்லை, இரண்டு மின்விசிறி ஓடுவதுபோல ஓடும். 1,000 வாட் குக்கரைச் சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்று தெரியாத நிலையில் இறைச்சி பாதி வெந்து கிடந்தால், மணத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கொட்டிவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் கருகிவிடும். இங்கிலாந்து, சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் வாங்கியது என்றால் ஓடும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இதுதான். சென்னையில் 3 லிட்டர் பிரஷர் குக்கர் தினசரிப் பாத்திரமாகவே இருக்கிறது. அதோடு 1.5 லிட்டர் ஸ்லோ குக்கர் வாரத்தில் மூன்று இரவு ஓடுகிறது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் பிரஷர் குக்கரைத்தான் வாங்குவேன், சோற்றையும் சாம்பாரையும் விட்டுக்கொடுக்க முடியாது. இறைச்சி, பயறு, கஞ்சி மூன்றும் அடிக்கடி சமைக்காத வீட்டில் ஸ்லோ குக்கர் பரணுக்குத்தான் போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாங்காதீர்கள். எங்கள் 6 லிட்டர் குக்கரை, கூட்டுக் குடும்பமாக இருக்கும் சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நாகர்கோவிலில் பிரஷர் குக்கர் மேல் தட்டுக்குப் போய்விட்டது. பகலில் சோற்றுக்குத் தெர்மல், இரவில் குமிழ் வைத்த ஸ்லோ குக்கர். லோ என்ற நிலைக்கு நேராகச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தேன், கண்ணாடி போடாமலே தெரிகிறது என்கிறார். ஒன்பது மணிக்குப் போட்டால் ஐந்து மணிக்கு அவர் எழும்போது தயார். இப்போதெல்லாம் இரவில் தொலைபேசியில் பேசி முடிக்கும்போது அன்று எதைப் போட்டிருக்கிறார் என்றும் சொல்லிவிடுகிறார். நேற்று உளுந்தங்கஞ்சி.